மழை விடுமுறையைத் தாங்கும் வேலை

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள பெண் வேலை தேடினால், "வீட்டிலிருந்தே ஏதாவது செய்யேன்" என்பார்கள். அந்த யோசனையை உரசிப் பார்க்க என்னிடம் ஒரு கேள்வி உண்டு. நவம்பர் மாதக் காலையில், அடுப்பில் இட்லி வேகும்போது கலெக்டர் மழை விடுமுறை அறிவிக்கிறார். அன்று அந்த வேலை என்ன ஆகும்?

வீட்டிலிருந்து செய்யும் வேலைக்குப் பழைய முன்மாதிரி திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பீடி. சுளகை மடியில் வைத்துக்கொண்டு எந்நேரமும் சுற்றலாம். 1966-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது, பி.எஃப். கூட உண்டு. செயலி வழி வேலை பார்ப்பவர்கள் பொறாமைப்பட வேண்டிய விஷயம் இது. ஆனால் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான். எந்நேரமும் செய்யலாம் என்பது நாள் முழுக்கச் செய்தால்தான் கணக்கு நேராகும் என்று ஆகிவிடுகிறது. மழை விடுமுறை அன்று வேலை நிற்காது. முனை மடக்கும் வேலை பிள்ளையின் கைக்கு வரும், புகையிலைத் தூளோடு.

அடுத்தது பள்ளிச் சமையல். அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். பள்ளி மணி அடிக்கும் முன் வேலை முடிந்துவிடும். அதிகாலையில் எழ வேண்டும் என்றாலும், சொந்தப் பிள்ளையும் அங்கேயே சாப்பிடும். பள்ளி மூடினால் அடுப்பும் மூடும். சிக்கல் விதியில் இருக்கிறது: சமைப்பவரின் பிள்ளை அந்தப் பள்ளியிலேயே படிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் பிள்ளை தேறினால் தாய்க்கு வேலை போகிறது.

ஐ.டி. வேலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அமெரிக்க வாடிக்கையாளரின் காலை, நம் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும் மாலை.

எஞ்சுவது பகுதி நேர ஆசிரியர் பணி. 2012-இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு 16,000-க்கும் மேற்பட்டோரை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். நேரத்தை மட்டும் பார்த்தால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை: தாயின் பள்ளியும் பிள்ளையின் பள்ளியும் பெரும்பாலும் ஒரே நாளில் மூடும், ஒரே நாளில் திறக்கும். ஆனால் பல ஆண்டுகள் மே மாதச் சம்பளம் தரப்படவில்லை. பிள்ளைக்குப் புத்தகப்பையும் சீருடையும் வாங்குவது ஜூனில்! பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத ஆண்டு அரிது.

தகப்பனிடம் இந்த மழை விடுமுறைக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019-இன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சொந்த வீட்டில் ஊதியமில்லா வேலை செய்வோரில் பெண்களுக்கு நாளில் 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். சட்டமும் தொட்டிலோடு நின்றுவிடுகிறது: 2017-இன் பேறுகாலச் சட்டத் திருத்தம் 26 வார விடுப்பும் குழந்தைகள் காப்பகமும் தந்தது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் எதுவும் இல்லை. பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை எடுக்கக்கூடிய 730 நாள் பராமரிப்பு விடுப்பு மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு உண்டு. அதைப் பார்க்கும் பீடித் தொழிலாளி சிரிப்பார்.

என் தீர்ப்பு பகுதி நேர ஆசிரியரின் நேர அட்டவணைக்கே, அவருடைய ஒப்பந்தத்துக்கு அல்ல. அரை நாள் வேலைக்கு நிரந்தர ஊதிய விகிதத்தில் பாதி, மே மாதச் சம்பளம், பீடித் தொழிலாளிக்குக் கிடைத்த அந்த பி.எஃப். எண் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். எந்நேரமும் செய்யலாம் என்று விளம்பரம் செய்யும் வேலையை இந்த வரிசையில் கடைசியில் வைப்பேன்.