‘மீனவர்’ என்ற சொல்லுக்குள் யார்?

‘சிலாபம்’ என்று இணையத்தில் தேடினால், தேடுபவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாற வேண்டும். இலங்கையில் அது ஓர் ஊர். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு, 1961க்குப் பிறகு இங்கே நடக்காத ஒன்று. இந்த வேறுபாட்டை இயந்திரம் அறிய இரண்டு வேண்டும் என்கிறார்கள் கணினித் துறையினர். ஒன்று, தேடுபவரின் ஊர், மொழி, பழைய தேடல்கள் அடங்கிய பயனர் குறிப்பு. மற்றொன்று ‘ஆன்டாலஜி’: எந்தப் பொருள் எந்த வகையில் சேரும், எதோடு உறவுடையது என்று வரையறுக்கும் அட்டவணை.

பயனர் குறிப்பைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அது வேவு பார்க்கிறது, நேற்றைய விருப்பத்துக்குள்ளேயே நம்மை அடைக்கிறது என்கிறோம்; சரிதான். எனக்கு அட்டவணைமீதுதான் ஐயம் அதிகம். தமிழ் படித்தவர்களுக்கு அது புதிதல்ல. முதல், கரு, உரி என்று உலகைப் பகுத்தது வேறென்ன? நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்றது மரபு. கரையில் நின்று கலங்குபவளாகவே பெண்ணுக்கு அதில் இடம். ஆனால் நற்றிணை 45இன் பெண்கள் கலங்கவில்லை. அறுத்த சுறாவைக் காயப்போட்டுப் பறவை விரட்டுகிறார்கள். எங்கள்மேல் புலால் நாறுகிறது, தள்ளி நில் என்று தேர்ச்செல்வன் மகனிடம் சொல்லவும் துணிகிறார்கள். பாட்டுக்கு அட்டவணையை மீறத் தெரிந்தது. கணினிக்கு அது தெரியாது.

ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியே பார்த்து, மீன் கூடும் இடத்தைத் திசை, தூரம், ஆழத்தோடு கணித்துத் தருகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலி அதை அலை உயரம், கடல் எல்லை எச்சரிக்கை ஆகியவற்றோடு கைப்பேசிக்குக் கொண்டுவருகிறது. உயிர் காக்கும் தகவல், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்தக் கணிப்பு மனத்தில் வைத்திருக்கும் பயனர் படகில் இருப்பவர். ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் வைத்துப் பேருந்துக்கு நிற்பவளுக்கு வேண்டியது வேறு: எந்தக் கரையில் இன்று மீன்பாடு, சாளை என்ன விலை போனது, ஐஸ் எங்கே கிடைக்கும், கருவாடு காய வெயில் இருக்குமா. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுக்கும் ராமநாதபுரத்துப் பெண்களோ கடலுக்குள்ளேயே போகிறவர்கள். ஆனால் மீன் பிடிப்பதில்லை.

‘மீனவர்’ என்பதன் கீழே விற்பவள், உலர்த்துபவள், பாசி எடுப்பவள் என்ற கிளைகள் இல்லையென்றால், அவளுடைய குறிப்பை எவ்வளவு நுட்பமாகச் சேகரித்தாலும் அது போய் ஒட்ட இடமிருக்காது. ‘பெண்’ என்ற தட்டில் அவளை வைத்து மீன்குழம்புச் செய்முறையை நீட்டும் இயந்திரம். (குழம்பு வைக்க அவளுக்குத் தெரியும்.)

அந்தக் கிளைகளை எழுத வேண்டுமானால் திரேஸ்புரம் கடற்கரையில் உட்கார்ந்து, மீனைத் தரம் பிரிக்கும் பெண்கள் எதை எதோடு சேர்க்கிறார்கள், எந்தச் சொல்லால் பிரிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். தமிழ்த் துறை மாணவியர் இந்த ஆண்டே தொடங்கக்கூடிய களப்பணி அது.