எழுத்துக்கு எழுத்து ஒரு விசில்

2023 ஆகஸ்ட் 10. ‘ஜெயிலர்’ படத்துக்குத் தமிழ்நாட்டில் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. பெங்களூரில் 6 மணிக்கே தொடங்கிவிட்டது. எல்லையோரத்து ரசிகர்கள் பலர் விடியுமுன்பே கிளம்பி இங்கே வந்து சேர்ந்தார்கள். இவர்களைப் பொறுத்தவரை டைட்டில் கார்டைத் தவறவிட்டால் பாதிப் படம் போன மாதிரி. அந்தப் பிடிவாதத்தில் ஒரு ஞாயம் இருக்கிறது.

ரஜினியின் பெயர் எழுத்தெழுத்தாகத் திரையில் விழும் வழக்கம் 1992-இல் ‘அண்ணாமலை’யில் தொடங்கியது. இயக்கியவர் சுரேஷ் கிருஷ்ணா, இசை தேவா. ஜேம்ஸ் பாண்ட் படங்களின் தொடக்கம்தான் தூண்டுதல். 1962-இல் ‘டாக்டர் நோ’வுக்காக மாரிஸ் பைண்டர் செய்த அந்தத் தொடக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்து வந்து துப்பாக்கிக் குழாயாக விரியும். ‘அண்ணாமலை’யில் இருட்டுத் திரையில் புள்ளிகள் கூடி எழுத்தாகின்றன. முதலில் பட்டம், அப்புறம்தான் பெயர்.

யார் பெயர் வரப்போகிறது என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததையே காக்க வைத்துக் கொடுப்பதில்தான் வித்தை. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே தேவா விட்ட இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு விசிலுக்குச் சரியாகப் போதும். இரண்டாவது விசிலுக்கு இடமில்லை. முதல் எழுத்துக்கு முன்வரிசை மட்டும் கத்தும், பட்டம் முடிவதற்குள் பால்கனியும் சேர்ந்துகொள்ளும், பெயர் தொடங்கும்போது இசையே காதில் விழாது. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் ஸ்ரீநாத் ஓடிவரும்போது, பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே பேட்ஸ்மேனுக்குள் பாதி ஆட்டம் நடந்துவிடும். இங்கேயும் அப்படித்தான். அதுவும் பெங்களூர், ரஜினி பஸ் கண்டக்டராக டிக்கெட் கிழித்த ஊர். லால்பாக் ரோடு ஊர்வசி தியேட்டரில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பின்னால் வந்த நாயகர்கள் பலருக்கும் இப்படி ஒரு கார்டு உண்டு. தீப்பொறி, புகை, இரும்பு உருகி ஓடும் கிராஃபிக்ஸ் எல்லாம் இருக்கும். அந்த இடைவெளி மட்டும் இருக்காது. எழுத்துகள் மொத்தமாக வந்து மோதும்போது ரசிகன் எங்கே வாய் திறப்பான்? போதாததற்கு வரிசையாகத் தயாரிப்பு நிறுவனங்களின் லோகோ, புகையிலை எச்சரிக்கை, நன்றி அட்டை. எச்சரிக்கை சட்டப்படி வந்தே ஆக வேண்டும், சரி. ஆனால் லோகோக்களையாவது சுருக்கலாமே.

வேகம்தான் வெற்றி என்று யாராவது சொன்னால் ‘மால்குடி டேஸ்’ தொடக்கத்தைப் போட்டுக் காட்டுங்கள். தொலைக்காட்சித் தொடர்தான், ஆனாலும் கர்நாடகத்தில் உருவான தொடக்கங்களில் எனக்கு முதலிடம் அதற்குத்தான். ஆகும்பேயில் படமாக்கியவர் சங்கர் நாக். தொடக்கத்தில் எந்த நட்சத்திர முகத்தையும் காட்டி அவர் நம்மை இழுக்கவில்லை. ஆர்.கே.லக்ஷ்மணின் கோட்டோவியங்கள், அவற்றின் மேல் எல்.வைத்தியநாதனின் மெட்டு. ‘தானன’ என்று போகும் அந்தக் குரலில் ஒரு சொல்கூடக் கிடையாது. மொழி இல்லாததால் தூர்தர்ஷன் எட்டிய இடமெல்லாம் அதை முணுமுணுத்தது. மெட்டு முடிவதற்குள் நம் மூச்சு நிதானப்பட்டு, சின்ன ஊரின் நடைக்கு வந்துவிடுகிறோம். அதன் பிறகு கதையின் சிறுவன் சுவாமி பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு மெதுவாக நடந்தாலும் நமக்கு அலுப்பதில்லை.

இன்று ஓடிடியில் தொடக்கத்தைத் தாண்டிப்போக ஒரு பொத்தான் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மால்குடியைப் போட்டுக் காட்டுகிறவர்கள், முதல் தடவையாவது தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.