‘ஆமாம்’ என்பதில் ஞாபகம் எவ்வளவு?

நம் சூழலில் ‘நினைவு’ என்பது கேள்விக்கு அப்பாற்பட்ட சொல்லாகிவிட்டது. அதிகாரம் மறக்கச் சொல்கிறது, நாம் மறக்க மறுக்கிறோம், ஆகவே நினைவே எதிர்ப்பு என்கிற வாய்பாட்டை நானும் பல கட்டுரைகளில் எழுதித் தள்ளியிருக்கிறேன். அதை இப்போது வாபஸ் வாங்கவில்லை. ஆனால் போலீஸும் கோர்ட்டும் நம்பிப் பிழைப்பதும் இதே நினைவைத்தான் என்பதை நாம் பேசுவதே இல்லை. சாட்சி விரல் நீட்டுகிறார், ஒருவன் உள்ளே போகிறான். அந்த விரலில் ஞாபகம் எவ்வளவு, வேறு ஏதோ எவ்வளவு? உளவியல் ஆய்வாளர்கள் அறுபது வருஷத்துக்கும் மேலாக இதை எண்ணால் அளக்கப் பார்க்கிறார்கள். அந்த அளவையின் சிக்கல்களை அவர்களுடைய உள்விவகாரம் என்று நாம் விட்டுவிட முடியாது என்பதுதான் என் வாதம்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஓர் உண்மையறியும் குழுவோடு போயிருந்தேன். ஊர் பேர் வேண்டாம். அடிதடி நடந்த தெருவில் வயசான அம்மா ஒருவரிடம் ஒரு போட்டோவைக் காட்டினோம். “பாத்த மொகமாத்தான் இருக்கு தம்பி... இவனாத்தான் இருக்கும்” என்றார். அறிக்கை எழுதியவன் நான். ‘அடையாளம் காட்டினார்’ என்று எழுதினேன். எம்.ஏ. தமிழ் படித்தவன். ‘இருக்கும்’ என்பது வெறும் எதிர்கால வினைமுற்று இல்லை, ஊகத்தையும் சுமக்கிற வடிவம் என்று தெரிந்தவன். தெரிந்தே அதைத் துடைத்தேன். போட்டோவில் இருந்தவன் நமக்கு ஆகாத தரப்பைச் சேர்ந்தவன் என்பது காரணம்.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்? ஒரு சொற்பட்டியலைப் படிக்கக் கொடுக்கிறார்கள். அப்புறம் அதே சொற்களைப் புதிய சொற்களோடு கலந்து, ஒவ்வொன்றாகக் காட்டி, பழசா புதுசா என்று கேட்கிறார்கள். மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் நூறு பழைய சொற்களில் 98ஐப் ‘பழசு’ என்கிறார். நூறு புதிய சொற்களிலும் 50ஐப் ‘பழசு’ என்றே சொல்லிவைக்கிறார். இரண்டாமவருக்கு இது 84, 16. மூன்றாமவருக்கு 50, 2. யாருக்கு ஞாபகம் கெட்டி? சரியிலிருந்து தப்பைக் கழித்தால் 48, 68, 48. இரண்டாமவர் ஜெயிக்கிறார்.

ஆனால் கழித்தல் ஒரு நிரபராதியான கணக்கு அல்ல. ஞாபகம் ஒன்று முழுசாக உண்டு, இல்லாவிட்டால் குருட்டாம்போக்கு ஊகம் என்கிற கோட்பாடு அதற்குள் ஒளிந்திருக்கிறது. ரேடார் திரையில் தெரிவது விமானமா வெறும் இரைச்சலா என்ற பிரச்சினையை ஒட்டி 1950களில் வளர்ந்த சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு வேறு மாதிரிச் சொல்லிற்று. 1958இல் ஜேம்ஸ் ஈகன் அதை நினைவாய்வுக்குக் கொண்டுவந்தார். இதன்படி புதிய சொல்லும் கொஞ்சம் பரிச்சயத்தைக் கிளப்பும், பழையது சராசரியாகக் கூடுதலாகக் கிளப்பும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்த இரண்டு குவியல்கள். எவ்வளவு பரிச்சயம் இருந்தால் ‘ஆமாம்’ சொல்லலாம் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். குவியல்களுக்கு இடையிலான தூரம்தான் நினைவின் வலு. டி-பிரைம் என்று அதற்குப் பெயர். நம் மூன்று பேருக்கும் போட்டுப் பாருங்கள், மூவருக்கும் ஏறக்குறைய 2. முதலாமவர் தாராளம், மூன்றாமவர் கறார், அவ்வளவுதான். ஞாபகம் ஒண்ணு, கோடுதான் வேற.

ஆக, ‘ஆமாம்’ என்ற ஒரு சொல்லில் இரண்டு விஷயங்கள் பிணைந்திருக்கின்றன. அதிகாரம் நுழைவதற்கு அந்தக் கோடு போதும். ஞாபகத்தை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. கோட்டைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டால் முடிந்தது. நான் அந்த அம்மாவிடம் எந்த முகபாவத்தோடு போட்டோவை நீட்டினேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

கதை இத்தோடு முடிந்தால் டி-பிரைமைக் கொண்டாடிவிட்டுப் போகலாம். அதுவும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. இரண்டு குவியல்களும் ஒரே அகலம் என்பது அந்த அனுமானம். ராட்கிளிஃபும் சகாக்களும் 1992இல் சோதித்தபோது பழைய சொற்களின் குவியல் அகலமாக இருப்பது தெரிந்தது. அப்படியானால் கோடு நகர நகர டி-பிரைமும் மாறும். கோட்டிலிருந்து ஞாபகத்தைப் பிரிக்க வந்த எண்ணே கோட்டில் சிக்கிக்கொண்டது. ஏன் அகலம் என்பதில் அடுத்த சண்டை. ஒரே வலு, சொல்லுக்குச் சொல் கூடியும் குறைந்தும் பதிகிறது என்பது ஜான் விக்ஸ்டெட் 2007இல் விரிவாக வைத்த வாதம். இல்லை, பரிச்சயம் வேறு, நிகழ்ச்சியே திரும்ப வருவது வேறு, இரண்டும் கலந்திருக்கிறது என்பது யோனலினாஸ் 1994இல் வைத்த கட்சி. நம் பேச்சிலேயே ‘எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு’ ஒன்று, ‘நல்லா ஞாபகம் இருக்கு’ இன்னொன்று. டல்விங் 1985இல் இந்த வித்தியாசத்தைச் சோதனைக்கு உட்பட்டவர்களையே கேட்டார். அதுவும் ஒரே அளவுகோலில் போட்ட இரண்டு கோடுகளாக இருக்கலாமே என்று 1996இல் டொனால்ட்சன் மடக்கினார்.

வலுவை யாரும் நேரில் பார்த்ததில்லை. பார்க்கக் கிடைப்பது பதில் மட்டும். பதிலிலிருந்து வலுவுக்குப் போகிற வழியெல்லாம் கோட்பாட்டின் வழி. இதைக் கேட்டதும் ‘எல்லாம் புனைவு’ என்று துள்ளுகிற நண்பர்கள் நம்மிடையே உண்டு. நான் அதற்குத் தயாரில்லை. பத்து வருஷச் சிறை புனைவு இல்லை.

1984இல் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் ஜெனிஃபர் தாம்ப்சன் என்ற 22 வயது மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். அந்த நேரத்திலும் பிறகு அடையாளம் சொல்ல வேண்டும் என்றே அவன் முகத்தை உற்றுப் பார்த்து வைத்தவர். போலீஸ் காட்டிய போட்டோக்களில், நிமிஷக்கணக்கில் யோசித்த பிறகு, ரொனால்ட் காட்டனை எடுத்தார். பிறகு நடந்த அணிவகுப்பிலும் காட்டனைக் காட்டினார். போட்டோவிலும் அணிவகுப்பிலும் இருந்தது காட்டன் ஒருவர்தான். விசாரணை வரும்போது அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. 1987இல் மறுவிசாரணையில் உண்மைக் குற்றவாளி பாபி பூலையே முன்னால் நிறுத்தியபோது, பார்த்ததே இல்லை என்றார். 1995இல் டி.என்.ஏ. சோதனை பூலைக் காட்டியது. காட்டன் விடுதலையானார். தாம்ப்சன் பொய் சொல்லவில்லை. அவருடைய பரிச்சயம் உண்மை, அது வந்த இடம்தான் வேறு. டி.என்.ஏ.வால் விடுதலையான முதல் 250 பேரின் வழக்குகளைப் பிராண்டன் கேரட் 2011இல் ஆராய்ந்தார். 190 வழக்குகளில் சாட்சி தவறான ஆளை அடையாளம் காட்டியிருந்தார்.

விக்ஸ்டெட்டும் கேரி வெல்ஸும் 2017இல் சேர்ந்து எழுதியதன் சாரம் இது: ஒழுங்காக நடத்திய முதல் சோதனையில் சாட்சி காட்டும் உறுதிக்கு மதிப்பு உண்டு, பிற்பாடு கூண்டில் ஏறிக் காட்டும் உறுதியை நம்ப முடியாது. முதல் தயக்கம் ஒரு தகவல். இங்கே 1872 சாட்சியச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் இருந்த விஷயம், 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் இருக்கிறது. கோர்ட்டில் காட்டுகிற அடையாளமே மூலச் சாட்சியம், முன்னால் நடந்த அணிவகுப்பு அதற்குத் துணை மட்டுமே என்பது 2003இல் மல்கான் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நிலைப்பாடு. முன் அணிவகுப்பு இல்லாத கோர்ட் அடையாளம் பலவீனமானது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் எடைபோடும் வரிசை தலைகீழாகத்தான் இருக்கிறது.

இதைச் சட்டத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. வாக்குமூலம் தொகுக்கிற நாமும் தயக்கத்தைத் துடைத்துவிட்டு உறுதியை அச்சேற்றுகிறோம். ‘மாதிரி’, ‘போல’, ‘இருக்கும்’ எல்லாம் நம் பிரதிகளில் அடிபட்டுப் போகின்றன. சொன்னவர் சொன்னபடி, நாம் கேட்ட கேள்வியோடு சேர்த்து எழுத வேண்டும். அந்த அறிக்கையை இனித் திருத்த முடியாது. அந்த அம்மா சொன்னது ‘இவனாத்தான் இருக்கும்’. இங்கேயாவது அது இருக்கட்டும்.