யாருக்குத் தெரியவில்லை?

பார்ப்பதற்கு எதுவுமே இல்லாத ஓர் ஆட்டத்தில் 'கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது' என்றால் என்ன? 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் விதிப் புத்தகங்களை வாசிக்கத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி, 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்த ஆட்டம் இது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். ஆளுக்கொரு பாத்திரம், ஒருவர் மட்டும் 'மாஸ்டர்'. குகை எப்படி இருக்கிறது, கதவுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று அவர் சொல்வார். 'நான் கதவைத் திறக்கிறேன்' என்று இவர்கள் சொல்வார்கள். முடிவு சந்தேகமாக இருந்தால் பகடை. பொம்மைகளும் வரைபடமும் வைத்துக்கொள்வது உண்டுதான். அவை இல்லாமலும் ஆட்டம் நடக்கும், பேச்சு இல்லாமல் நடக்காது. டிராகனும் சரி, டிராகன்மேல் விழும் வெளிச்சமும் சரி, மாஸ்டர் வாயால் சொன்ன பிறகுதான் உண்டாகின்றன. அப்படியானால் ஒளிகிற பாத்திரம் எதிலிருந்து ஒளிகிறது? மாஸ்டரின் பேச்சிலிருந்துதான் என்பது என் வாசிப்பு. 'காவலாளி உன்னைப் பார்த்துவிட்டான்' என்ற வாக்கியம் சொல்லப்படாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் சங்கதி.

தமிழில் இந்தச் சிக்கல் முழுவதையும் ஒற்றைச் சொல்லுக்குள் வைத்திருக்கிறோம். 'தெரியவில்லை' என்றால் கண்ணில் படவில்லை என்றும் பொருள், அறியவில்லை என்றும் பொருள். போதாததற்கு அந்தச் சொல் நான்காம் வேற்றுமையைக் கேட்டு நிற்கும்: யாருக்குத் தெரியவில்லை? ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்த விதிகள் ஐம்பது ஆண்டுகளாகப் படும் பாடு இந்த இரண்டு இடங்களிலும்தான். ஒருவன் கண்ணில் படாமல் இருக்கலாம். ஆனால் எங்கே நிற்கிறான் என்பது காலடிச் சத்தத்தில் தெரிந்துவிடலாம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதற்குக் கணக்கே போட்டு வைத்தது. மாயமாக நிற்பவனின் கட்டத்தைச் சரியாக ஊகித்து வாளை வீசினாலும் நூற்றுக்கு 50 தடவை வீச்சு காற்றோடு போகும். அசையாமல் நின்றால் அவன் ஒளியும் எண்ணில் 40 கூடும், நடந்தால் 20தான். (நடைக்கு 20 அபராதம் என்று எதை வைத்து அளந்தார்களோ!)

முதல் மூன்று புத்தகங்களில் திருடன் கிடையாது. போர்வீரன், மந்திரவாதி, பூசாரி என்று மூன்றே 'கிளாஸ்'. 1975இல் வந்த 'கிரேஹாக்' என்ற இணைப்புப் புத்தகத்தில்தான் திருடன் உள்ளே வருகிறான். கிளாஸ் என்பது ஆட்டத்தின் சொல். நான் அதை வர்க்கம் என்று மொழிபெயர்த்தால் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் பாருங்கள். 1978 ஆட்டக்காரர் கையேட்டின்படி முதல் படியில் நிற்கும் சாதாரண மனிதத் திருடனுக்கு நிழலில் ஒளிவது நூற்றுக்கு 10 தடவைதான் கைகூடும். சத்தமில்லாமல் நடப்பது 15 தடவை. மூன்றாம் படிக்கு ஏறினால் ஒளிவது 20 ஆகும். அதே மூன்றாம் படியில் மந்திரவாதிக்கு மாயமறைவு மந்திரம் எட்டிவிடுகிறது. அவனுக்கு நிழல் வேண்டாம், சுவர் வேண்டாம், பகடையும் வேண்டாம். நடுக்கூடத்தில் நின்றபடியே காணாமல் போகலாம். ஒருவனுக்கு உடம்பும் தோல்வியும் மறுபடி முயற்சியும், இன்னொருவனுக்கு ஏடு. ஏட்டைப் படித்து மனனம் செய்தவனுக்கு நிச்சயம் கிடைப்பது, சுவரோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்குத் தற்செயலாகக் கிடைக்கிறது. மந்திரத்துக்குத் தினசரி அளவு உண்டே என்று சமாதானம் சொல்வார்கள். ஆட்டக்காரர்கள் இதை விதிகளின் சமநிலைக் கோளாறாகவே பேசிவந்திருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

மந்திர மறைவுக்கு ஒரு பெரிய தடை ஆரம்பத்திலிருந்தே உண்டு: அடித்தால் கலைந்துவிடும். பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் வரும் மோதிரக் கதையோடு இதை வைத்துப் பார்க்கவேண்டும். திருப்பினால் ஆளை மறைக்கும் மோதிரம் கிடைத்த இடையன் அரசியை வசப்படுத்தி, அவள் துணையோடு அரசனைக் கொன்று, நாட்டையும் பிடித்துக்கொள்கிறான். யாரும் பார்க்கவில்லையென்றால் எவன் நியாயமாக இருப்பான் என்பது அங்கே கேள்வி. ஆட்டத்தின் விதி இதற்குத் தாழ்ப்பாள் போடுகிறது: கத்தியை வீசிய கணத்தில் நீ வெளிச்சத்துக்கு வந்துவிடுவாய். நல்ல விதிதானே என்று தோன்றும்.

மூன்றாம் பதிப்பு 'தாக்குதல்' என்றால் என்ன என்று வரையறுக்கப் புகுந்தபோதுதான் பூனை வெளியே வருகிறது. நேரடியாகச் செய்யாத தீங்கு தாக்குதல் ஆகாது என்கிறது அது. சொல்லிவிட்டு உதாரணங்களையும் அடுக்குகிறது. எதிரிகள் கடந்துகொண்டிருக்கும் தொங்குபாலத்தின் கயிற்றை அறுக்கலாம். இரும்புக் கதவைத் தூக்கி வேட்டைநாய்களை வெளியே விடலாம். பூதங்களை வரவழைத்து அவற்றைக்கொண்டு அடிக்கலாம். மறைவு கலையாது. குத்துகிற கை தெரியும். நாயை அவிழ்த்துவிட்ட கை தெரியாது. பிளேட்டோவின் இடையன் கத்தியை அரசி கையில் கொடுத்திருந்தால் கடைசிவரைக்கும் மாயமாகவே இருந்திருப்பான்.

இதை எழுதியவர்கள் அரசியல் பேச உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டார்கள். மேசைத் தகராறுகளைத் தீர்க்க எழுதிய வரிகள் இவை. ஆனால் அதிகாரம் தன்னை எப்படித் தெரியாமல் வைத்துக்கொள்கிறது என்று ஃபூக்கோவைப் படித்துவிட்டு நாமெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியதை இந்த விதி போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது. உத்தரவிட்டவன் பெயர் எந்த விசாரணை அறிக்கையிலும் வராமல் போவதற்கான இலக்கணம் இது. திருடனிடம் வேட்டைநாயும் இல்லை, பூதமும் இல்லை. விதி அவனுக்குத் தந்த ஒரே பெரிய அடி பின்னாலிருந்து முதுகில் குத்துவது. அதற்கு அவன் பக்கத்தில் வந்தாக வேண்டும், குத்தியதும் தெரிந்துவிடுவான்.

ஒளிதல் விதிகளில் எனக்கு மிகவும் உண்மையாகப் பட்டது 1989இல் வந்த இரண்டாம் பதிப்பின் விதி. நிழலில் ஒளியும் பகடையை ஆட்டக்காரர் உருட்டக் கூடாது. மாஸ்டர் ரகசியமாக உருட்டி முடிவைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். திருடன் எப்போதும் தான் மறைந்திருப்பதாகவே எண்ணிக்கொண்டிருப்பான். நான்காம் வேற்றுமையை ஒழுங்காகப் புரிந்துகொண்ட பதிப்பு இது ஒன்றுதான். ஒளிந்தவனுக்குத் தான் ஒளிந்திருப்பது தெரிய வழியில்லை. அது பார்ப்பவனிடம் இருக்கும் தகவல். மாஸ்டருக்கு முன்னால் ஒரு மடக்கு அட்டையை நிறுத்திக்கொள்வது வழக்கம், அதன் பின்னால் பகடை உருளும். திருடனை ஆடுகிறவர் எல்லோர் கண்ணிலும் பட உட்கார்ந்து எதையோ கொறித்துக்கொண்டிருப்பார். மேசையில் மெய்யாகவே மறைந்திருப்பது அந்தப் பகடை மட்டும்தான். இதிலேதான் சங்கடமும் இருக்கிறது. காவலாளியாகப் பேசுபவரும் மாஸ்டர், காவலாளி பார்த்தானா என்று தீர்ப்புச் சொல்பவரும் மாஸ்டர். உண்மைக்கு மிக அருகில் வந்த விதி, அதிகாரம் முழுவதையும் அட்டைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது.

மூன்றாம் பதிப்பு ஒளிபவனின் எண்ணையும் தேடுபவனின் எண்ணையும் மோதவிட்டது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பகடையே உருட்டாமல் எந்நேரமும் விழித்திருக்கும் ஒரு கவனிப்பு எண் உண்டு: 10உடன் அவரவர் திறனைக் கூட்டினால் வருவது. இத்தனையும் எழுதிய பிறகு, ஒளிவதற்குச் சூழல் பொருத்தமா என்பதை மாஸ்டரே முடிவுசெய்வார் என்று ஒரு திருத்தமும் சேர்த்தார்கள். நன்னூல் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி: விதிகளை எல்லாம் அடுக்கிவிட்டுக் கடைசியில் ஒரு புறனடை நூற்பா.

2024 புத்தகம் அந்தப் புறனடையோடு நிற்கவில்லை. எதிரி பார்வை படாத மறைவிடத்தில் 15 அல்லது அதற்குமேல் எடுத்தால் ஒளிந்தவனுக்கு 'இன்விசிபிள்' என்ற நிலை கிடைக்கிறது. மந்திரம் தரும் அதே நிலை, அதே பெயர். திருடன் வந்து 49 ஆண்டுகளுக்குப் பிறகு அவனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே சொல் கிடைத்திருக்கிறது. சுவருக்குப் பின்னால் 15 எடுத்தவன் வெளியே வந்து விளக்கு எரியும் கூடத்தில் நடந்தாலும் தெரியமாட்டானா என்று எழுத்துக்கு எழுத்து வாதாடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்தச் சண்டையைவிடப் பார்க்கவேண்டியது, அந்த ஒரே நிலை இருவரிடமும் எப்படிக் கலைகிறது என்பதை. கிசுகிசுப்பைவிட உரக்கச் சத்தம் எழுப்பினால் திருடனின் மறைவு போய்விடும். மந்திர மறைவுக்கு இந்த நிபந்தனை இல்லை. மந்திரவாதி கவனத்தைச் சிதறவிடாமல் இருந்தால் ஒரு மணிநேரம் வரைக்கும் பேசிக்கொண்டே நடக்கலாம். தாக்கினால் கலையும் என்பதோடு, சேதம் விளைவித்தாலும் கலையும் என்று இப்போது சேர்த்திருக்கிறார்கள். வேட்டைநாய்கள் கடித்தால் அந்தச் சேதம் நாய்களின் கணக்கில்தான் எழுதப்படும்.