படமும் பாதையும்

நல்ல படம் எடுப்பது பாதிப்பணியே. அது மக்களைச் சென்றடையும் பாதையை அமைப்பது மறுபாதி. நம் திருவனந்தபுரத்தில் 1965-இல் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தோற்றுவித்தோர், படமெடுக்கும் முன்னரே பார்வையாளரை உருவாக்க முனைந்தனர். ஆயினும், 1972-இல் வெளிவந்த அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வர'த்திற்கு முதலில் போதிய கூட்டமில்லை. நான்கு தேசிய விருதுகள் பெற்ற பின்னரே மக்கள் நாடினர். ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழுவினரோ, 'அம்ம அறியான்' (1986) படத்திற்கு ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினர். பார்ப்பவரே தயாரிப்பாளர் ஆயினர்.

அதே ஜான் தமிழில் எடுத்த 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) தேசிய விருது பெற்றும், தமிழருள் அதனைக் கண்டோர் சிலரே. குறை படத்திலன்று, பாதை அமைக்காத நம்மிடமே. ஆண்டுக்கு ஒரு நற்படமேனும் நம் சங்க மன்றத்தில் திரையிடுவோமாக.