மூக்கு வரத் தொடங்கும் வயது

முதலில் ஒரு வட்டம். நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. வட்டத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டுத் தாடைக்கு ஒரு புள்ளி. கன்னங்களிலிருந்து இறங்கும் கோடுகள் அந்தப் புள்ளியில் வந்து சேர வேண்டும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் ஆசிரியை. விடைத்தாள் கட்டுகளை மேசை ஓரம் தள்ளிவிட்டு, நாற்பத்தாறு வயதில் அனிமே முகம் வரையக் கற்றுக்கொண்டேன்.

"கண்ண மேல வச்சிட்டம்மா. இன்னும் கீழ இறக்கு."

நிஜ முகத்தில் உச்சந்தலைக்கும் தாடைக்கும் ஏறக்குறைய சரிபாதியில் கண் இருக்கும். அனிமேயில் கண்ணின் பெரும்பகுதி அந்தப் பாதிக்கோட்டுக்குக் கீழே. இரண்டு கண்களுக்கும் இடையே ஒரு கண் அகலம். கண்ணுக்கும் தாடைக்கும் நடுவில் மூக்கு. அது ஒரு புள்ளி, மிஞ்சினால் சிறு நிழல். அதற்குக் கீழே ஒரு கீற்று, வாய். முடித்ததும் தாளைத் திருப்பி ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடிக்கச் சொன்னாள். பின்பக்கமாகப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடுமாம். தெரிந்தது. நான் வரைந்த பெண்ணின் இடது கண் காதை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

கேசாதிபாத வருணனை நடத்தும்போதெல்லாம், பெண்ணை உறுப்பு உறுப்பாகப் பிரித்து அளக்கும் வேலை இது என்று மாணவிகளிடம் சொல்லிவந்திருக்கிறேன். அனிமே முகத்துக்கும் ஒரு தீர்ப்பு தயாராக இருந்தது: பெண்ணைக் குழந்தையாக்கும் கண். அதன் வரலாற்றைப் படித்தபோது அந்தத் தீர்ப்பில் பாதிதான் நின்றது.

1930களில் 'ஷோஜோ நோ தோமோ' என்ற ஜப்பானியச் சிறுமியர் இதழுக்கு நகஹாரா ஜுனிச்சி வரைந்த பெண்களுக்கே கண் பெரிது. ஒசாமு தெசுகா, ஆண் வேடத்தையும் பெண்களே கட்டும் தகராசுகா நாடகங்களைப் பார்த்து அந்த ஊரிலேயே வளர்ந்தவர். 1953இல் அவர் தொடங்கிய 'ரிபன் நோ கிஷி'யில், ஆணாக வளர்க்கப்படும் இளவரசியின் கண்ணில் அந்த மேடையின் சாயல் உண்டு. ஆனால் இவர்கள் ஆண்கள். 1970களில் ஹாகியோ மோட்டோ, தகெமியா கெய்கோ, ஓஷிமா யுமிகோ, இகெதா ரியோகோ என இளம்பெண்கள் சிறுமியருக்கான கதைகளைக் கையில் எடுத்தார்கள். கட்டங்களின் கோடுகளை உடைத்தார்கள். பாத்திரம் மனதுக்குள் சொல்வதைப் பேச்சுக் குமிழி இல்லாமல் வெற்றிடத்தில் மிதக்கவிட்டார்கள். பார்க்கப்படுவதற்காக இருந்த பெரிய கண், உள்ளே நடப்பதைக் காட்டும் ஜன்னலாக அவர்கள் கையில் மாறியது. 1972இல் தொடங்கிய இகெதாவின் 'வெர்சாயின் ரோஜா'வில், ஆணுடை தரித்த படைத்தலைவி ஆஸ்காரின் கண்ணைப் பாருங்கள். அவள் ஒரு முடிவை எடுத்துக்கொண்டிருப்பது தெரியும்.

ஆக, கண்ணோடு எனக்கிருந்த பகை தீர்ந்தது. மூக்கோடுதான் வழக்கு.

வழக்கைத் தொடங்கிவைத்தவர் என் அம்மா. மகள் ஆச்சியை அனிமேயில் வரைந்தாள். அதே வட்டம், அதே கண், வெள்ளை முடி. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது யாருட்டி, தலை நரைச்ச சின்னப்புள்ள?"

மகள் அழித்துவிட்டுக் கண்ணைச் சுருக்கினாள், மேலே ஏற்றினாள், மூக்கை நீட்டினாள். வயது வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது: இந்தக் கலையில் 'சரியான விகிதம்' என்பதே ஒரு வயதின் பெயர். ஆண் நாயகன் இளைஞனாகும்போதே அவன் முகம் நீள்கிறது, மூக்குத் தண்டுக்கு ஒரு கோடு கிடைக்கிறது. நாயகிக்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. அவளுக்கு மூக்கு வரும்போது அவள் கதையின் ஓரத்துக்குப் போயிருப்பாள். அல்லது 'ஸ்பிரிட்டட் அவே'யின் யுபாபாவைப் போலச் சூனியக்காரி ஆகியிருப்பாள்.

இதைக் கதையின் மையத்திலேயே வைத்துப் பார்த்தவர் மியாசாகி. 2004இல் வந்த 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' படத்தில் பதினெட்டு வயது சோஃபி சாபத்தால் தொண்ணூறு வயதுக் கிழவியாகிறாள். மூக்கு நீள்கிறது. கூடவே வாயும் திறக்கிறது. தொப்பிக் கடையில் குனிந்தே இருந்தவள், யார் வீடென்றும் பாராமல் நுழைந்து, அதட்டி, பெருக்கித் துடைக்கிறாள். தூங்கும்போது அவள் முகம் இளமைக்குத் திரும்பிவிடும். சூனியக்காரி சுலிமானிடம் ஹவுலுக்காக வாதாடும்போதும் சுருக்கங்கள் மறைகின்றன. உனக்கு அவன்மேல் காதல் என்று சுலிமான் சொன்னதும் கிழவி திரும்பிவந்துவிடுகிறாள். ஒரே காட்சிக்குள் விகிதம் இப்படி ஏறி இறங்குவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு மனக்குறை. துணிச்சல் வரும்போது அவள் ஏன் இளமையாக வேண்டும்? அதட்டிய மூக்குக்கு வாதாடத் தெரியாதா? இறுதியில் அவளுக்கு மிச்சமாவது நரைமுடி மட்டும். சின்ன மூக்கு திரும்பிவந்துவிடுகிறது.

ஆச்சியின் படம் அத்தோடு முடியவில்லை. அம்மாவுக்கு மூக்கின் இரண்டு பக்கமும் கல் பேசரி.

"அதை எங்க வைக்க? புள்ளியில எப்படி நிக்கும்?" என்றாள் மகள்.

புதுத் தாள் எடுத்தாள். இம்முறை வட்டம் இல்லை. தாளின் நடுவே இரண்டு பேசரிகளையும் முதலில் வரைந்தாள். அவை உட்கார இடம் வேண்டி மூக்கை அகலமாகக் கட்டினாள், பிறகு அதைச் சுற்றிக் கன்னம், நெற்றி. கண்கள் கடைசியில், கிடைத்த இடத்தில். ட்யூப்லைட்டில் திருப்பிப் பார்த்தால் முகம் நன்றாகவே கோணியிருந்தது. அம்மா மறுபடி கண்ணாடியை மாட்டினார்.

"வாயை ஏன் மூடி வச்சிருக்க?"

அந்த இடத்தை அழித்து அழித்துத் தாள் நைந்துபோயிருந்தது. வாய் இன்னும் சரியாக வரவில்லை.