அட்டையில் ஒரு கண்

எழுதியவரே அச்சிட்டு விற்கும் தன்வெளியீட்டில் அட்டைப்படம் எவ்வளவு பொறுப்பைச் சுமக்கிறது என்பதை, அமெரிக்காவின் மொன்டானாவில் கிறிஸ்டோபர் பாவோலினியின் குடும்பம் 2002இல் வெளியிட்ட 'எராகன்' என்னும் மிகுபுனைவு நாவலில், அதாவது மந்திரமும் விந்தை உயிர்களும் உலவும் கற்பனையுலகக் கதையில், தெளிவாகக் காணலாம். நூலை எழுதிய இளம் பாவோலினி தாமே வரைந்த அதன் அட்டையில் சிறகு விரித்த முழு டிராகன் இல்லை. சஃபீரா என்னும் டிராகனின் கண் மட்டுமே இருந்தது. முழு உருவம் பார்வையை நிறைவுசெய்து அனுப்பிவிடும், கண்ணோ பார்ப்பவரைத் திரும்பிப் பார்த்து நிறுத்திவைக்கும் என்பதால், இத்தேர்வு மிகவும் நுட்பமானது. மின்னூல் கடைகளில் அட்டைகள் நகத்தளவாகச் சுருங்கித் தெரியும் இன்றும் இத்தகைய ஒற்றை உருவமே எடுபடுகிறது. அட்டையோடு நில்லாமல், சிவப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, வாரிட்ட காலணி என ஐரோப்பிய இடைக்கால உடையணிந்து பள்ளிகளிலும் நூலகங்களிலும் புத்தகக் கடைகளிலும் 135க்கும் மேற்பட்ட உரைகளை நிகழ்த்திப் பாவோலினி நூலைப் பரப்பினார். 2003இல் நாஃப் பதிப்பகம் அதனை ஏற்று வெளியிட்டது.